நேற்று என்ன நல்லது

முப்பத்தாறு வயதில் என் கால்கள் என்னை விட்டுப் போயின. மன்னார்த் தீவில், பேசாலையில் பிறந்து வளர்ந்தவன் நான். இருபது வயதுக்கு முன்பே முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலுக்குள் இறங்கத் தொடங்கியவன். ஆழத்தில் நெடுநேரம் நின்றால் மெல்ல மெல்லத்தான் மேலே வரவேண்டும். விரைந்து வந்தால் இரத்தத்தில் கரைந்த காற்று குமிழாகி உடலை அடித்துவிடும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று நான்காவது தடவையும் இறங்கினேன். காற்றுக் குறைந்ததும் அவசரப்பட்டு மேலே வந்தேன்.

படகில் ஏறி, ஈர உடுப்பை மாற்றி, பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக் குடித்தேன். இரண்டாவது மிடறு தொண்டையில் இறங்கும்போது இடுப்பைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல இருந்தது. எழும்பப் பார்த்தேன். எழும்ப என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கூட வந்தவர்கள் என்னை மறுபடியும் சிலிண்டரோடு தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தார்கள். அப்படி இறக்கிச் சுகம் வந்தவர்களும் உண்டு. எனக்கு வரவில்லை. மன்னாரிலிருந்து தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை என் மனைவிக்கு ஒருவர் தமிழில் சொன்னார். அவள் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய முகத்திலிருந்து நானே வாசித்துக்கொண்டேன்.

பிறகு முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கான வாட்டு ஒன்றில் நாலு மாதம் கிடந்தேன். என் பக்கத்துக் கட்டிலில் எங்கள் தீவின் எருக்கலம்பிட்டிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சின்ன வயதில், போர்க்காலத்தில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்துக் குடும்பத்தோடு ஊரை விட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பெரியவனாகித்தான் ஊர் திரும்பியவர். மோட்டார் சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். ஒரு நாள் பொழுதுபடும் நேரம் தீவுக்குள் வரும் வீதியில் கழுதையொன்று குறுக்கே வந்துவிட்டது. எங்கள் தீவில் கழுதைகள் வீதியைத் தங்கள் வீடென்று நினைப்பவை. கழுதையைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பியவர் மதகில் போய் விழுந்தார்.

முதல் நாள் அவர் இதை எனக்குச் சொன்னபோது நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்.

"கழுதைக்கு ஒண்டும் ஆகல்ல. கிட்ட வந்து என்னை ஒருக்காப் பார்த்திட்டு நடந்து போயிட்டுது. அதுக்காச்சும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்."

இவருக்குத் தலையிலும் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாட்டில் எங்களைப்போல இருபது பேர் இருந்தோம். எல்லோரும் ஆஸ்பத்திரிச் சாரத்தோடும் வளர்ந்த தாடியோடும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்போம். அவர் மட்டும் விடிந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்பார். நெஞ்சில் சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு முகம் வழிப்பார். தோய்த்து மடித்து வைத்திருக்கும் சேர்ட்டை, படுத்தபடியே ஒவ்வொரு கையாக நுழைத்து, கழுத்துப் பொத்தான்வரை பூட்டுவார். இதற்கு அரை மணித்தியாலம் எடுக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு நாள் கேட்டேன். "இண்டைக்கு உங்களைப் பார்க்க ஆர் வரப்போகினம்?"

"ஒருத்தரும் வரல்ல."

"பிறகு இதெல்லாம் ஆருக்கு?"

"நான் இருக்கிறன்தானே" என்றார்.

கூட்டித் துடைக்க வரும் பெண்ணுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். அவருக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் அந்தப் பெண்ணின் முழங்கால் நோ எப்படியிருக்கிறது, மகள் பரீட்சை எழுதிவிட்டாளா என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னைப் புரட்டிப் படுக்க வைப்பவர்கள், மருந்து கட்டுபவர்கள், சாப்பாட்டு வண்டி தள்ளுபவர் எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்வார். எனக்கு அவர்களுடைய முகங்கள்கூடத் தெரியாது. என்னைத் தொடும் கைகளை மட்டும்தான் தெரியும். அந்தக் கைகளையும் நான் வெறுத்தேன்.

எனக்கு விடுகைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாளில் அவர் என் மனைவியிடம் என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தோம்.

வீட்டில் என்னை உள்ளறையில் கிடத்தினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தாள். மனைவி மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் புரட்டினாள். இடையில் தையல் மெசினில் இருந்தாள். என்னைப் பார்க்க வந்தவர்கள் முதல் மாதம் நிறையப் பேர். சுவாமியார் வந்து நற்கருணை தந்தார். இரண்டாம் மாதம் வரவு குறைந்தது. மூன்றாம் மாதம் நானே, "ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதை" என்று சொல்லிவிட்டேன்.

உணர்வில்லாத கால்களில் எரிவு மட்டும் இருக்கும். இதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. ஊசி குத்தினால் தெரியாது, ஆனால் நாள் முழுக்க நெருப்பில் வைத்ததுபோல எரியும். நான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று இருந்தது. மூன்று மாதம் நான் பார்த்தது அதைத்தான்.

ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது. மனைவி கொண்டுவந்து காதில் வைத்தாள்.

"நான்தான், கழுதைக்காரன்" என்றது குரல். "வீட்டுக்கு வந்திட்டன். உங்களிட்ட ஒண்டு கேக்கணும். நேற்று என்ன நல்லது நடந்தது?"

"என்ன?"

"நேற்று. விடிஞ்சதில இருந்து படுக்கும் வரைக்கும். ஏதாச்சும் ஒரு நல்ல விஷயம்."

"ஒண்டும் நடக்கேல்ல."

"அப்ப சரி. நான் ஒண்டு சொல்றன். நேற்று மழைக்குப் பிறகு எங்கட முருங்கை மரத்தில ஒரு மீன்கொத்தி வந்து இருந்திச்சு. அவ்வளவுதான். நாளைக்கு எடுக்கிறன்."

வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த நாளும் ஆறரைக்கு எடுத்தார். "ஒண்டும் இல்லை" என்றேன். அவர் தன்னுடையதைச் சொன்னார். மூன்றாம் நாள், "எனக்கு வேலையில்லை எண்டு நினைச்சீங்களோ?" என்று கத்தினேன்.

"வேலை இருக்கா?" என்று உண்மையாகவே கேட்டார்.

நான் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தைப் பார்த்தேன்.

"இஞ்ச பாருங்க. ஒரு ஒப்பந்தம் செய்வம். முதல்ல ஒரு நல்லது சொல்லுங்க. பிறகு உங்களுக்கு வேணும்கிற அளவு ஏசுங்க. என்னை, கடலை, ஆரை வேணுமெண்டாலும். நான் கேட்டுக்கொண்டிருப்பன். ஆனா நல்லதுதான் முதல்ல."

நாலாம் நாள் காலையில், ஏசவேண்டும் என்ற ஆசையினால்தான், ஒன்றைத் தேடினேன்.

"நேற்று மீன் சொதி நல்லா இருந்தது" என்றேன்.

"ஆர் வைச்சது?"

"மனுசி."

"அவங்களிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"சொல்லிப்போட்டு வாங்க. நான் லைன்ல நிக்கிறன்."

மனைவியைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், புரட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து. "நேற்றைய சொதி நல்லா இருந்தது" என்றேன். அவள் கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மூண்டு மாசத்துக்குப் பிறகு இப்பதான் என்ர முகத்தைப் பார்க்கிறியள்."

அந்தக் காலையிலிருந்து எங்களுக்குள் 'நீங்கள்' போய் 'நீ' வந்தது. அவர் எனக்கு மச்சானாகவும் 'அவன்' ஆகவும் ஆனார்.

தினமும் ஒன்று சொல்லவேண்டும் என்று வந்துவிட்டால், ஒன்றைப் பார்த்தாக வேண்டும். சுண்ணாம்பு உரிந்த சுவரில் எத்தனை நாளைக்குப் பார்ப்பது? கட்டிலை யன்னல் பக்கம் தள்ளச் சொன்னேன். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வளவில் சூடை மீன் காயப்போட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் வெயில் ஏற ஏற அந்தச் சிறு மீன்களின் நிறம் எப்படி மாறிக்கொண்டு போகிறது என்று நான் அன்றுதான் பார்த்தேன். விடியப்புறம் ஈயம்போல, எட்டு மணிக்குக் கண்ணாடிபோல, மத்தியானம் பார்க்க முடியாத வெள்ளை. முழுக் காலையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த நாள் அதை அவனுக்குச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டது. ஏச மறந்துபோனேன்.

யன்னல் போதாமல் விறாந்தைக்கு வந்தேன். விறாந்தை போதாமல் சக்கரக் கதிரையில் ஏறி இருக்கப் பழகினேன். முதல் நாள் தலை சுற்றி மயங்கினேன். இரண்டு கிழமையில் அரை மணித்தியாலம் இருந்தேன். பிறகு மனைவி என்னைக் கடற்கரை வீதிவரை தள்ளிக்கொண்டு போகத் தொடங்கினாள். ஊர்ச் சனத்தின் கண்ணில் படுவதற்கு நான் பட்ட வெட்கம் சொல்லி முடியாது. ஆனால் காலையில் ஆறரைக்குப் போன் அடிக்குமே.

அந்தக் கரையில் ஒரு நாள், வற்றுத் தண்ணீர் நேரம், ஈர மணலில் பயறளவு நண்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பொத்துக்குள்ளிருந்து வந்து, மணலை வாயில் வைத்து எதையோ உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சின்ன உருண்டையாக்கிப் பின்னால் போடுகிறது. உருண்டைகள் ஒழுங்காக வரிசையில் கிடக்கின்றன. பொத்தைச் சுற்றி வரிசை வரிசையாக வட்டம் விரிகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் முழுவதும் நண்டுகள், முழுவதும் வட்டங்கள். கடல் வெள்ளம் ஏறி வந்து எல்லாவற்றையும் அழித்தது. இறங்கியதும் அவை மறுபடி வெளியே வந்து முதல் உருண்டையிலிருந்து தொடங்கின. சின்ன வயதில் அந்த வட்டங்களை ஆயிரம் தடவை மிதித்து ஓடியிருப்பேன். அவற்றைச் செய்வது யார் என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. ஓட முடியாதவனாகி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது தெரிய வந்தது என்பதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இடுப்புக்கு மேலே மட்டும்தான், ஆனால் சிலிர்த்தது.

இப்படி ஒரு வருடம் போனது. இதற்கிடையில் படகு எஞ்சின்களின் சின்னத் திருத்த வேலைகள் விறாந்தைக்கு வரத் தொடங்கின. கைகள் இரண்டும் நன்றாகத்தானே இருந்தன. யாராவது எஞ்சினைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டால் மிச்சத்தை நான் பார்ப்பேன். தூக்கித் தரச்சொல்லிக் கேட்பது முதலில் நெருப்பை விழுங்குவதுபோல இருந்தது. பிறகு பழகியது. கேட்டு வாங்கியதற்கு முகம் பார்த்து நன்றி சொல்லவும் பழகினேன். வாட்டில் அவன் பெயர் சொல்லி நன்றி சொன்னது ஏனென்று அப்போது கொஞ்சம் விளங்கியது. பெயர் தெரிந்தவன் வந்து தூக்கினால் அது உபகாரமாக இருப்பதில்லை, ஒரு ஆள் வந்துபோனதாக இருக்கிறது.

எல்லா நாளும் நல்லாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். எரிவு கூடின நாட்களில் மனைவிமேல் எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் விழுந்து கிடந்த குழியின் ஆழம் குறைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் ஒரு நாள் ஆறரைக்குப் போன் வரவில்லை. ஏழு மணிக்கு நான் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவனுடைய மனைவி எடுத்தாள்.

"அவர் கதைக்கிற நிலையில இல்ல, நானா" என்றாள், அண்ணனைக் கூப்பிடும் முறையில். குரல் உடைந்திருந்தது. "புண் வந்திட்டுது. குப்புறத்தான் கிடக்கணுமாம். சாப்பாடும் சரியில்ல."

என் மனைவி அன்று தைத்துக்கொடுக்க வேண்டிய அவசர வேலையோடு இருந்தாள். பக்கத்துத் தெரு ஓட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் என்னை இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே இருத்தினார். கதிரையை மடித்துப் பின்னால் கட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, மனைவி இல்லாமல் நான் ஊருக்கு வெளியே போன முதல் நாள் அது.

அவனுடைய அறைக்குள் கதிரையை உருட்டிக்கொண்டு போனேன். கிழிந்த பெனியனோடு குப்புறக் கிடந்தான். பல நாள் தாடி. முகம் சுவர்ப் பக்கம்.

"ஏன் வந்தனீ?" என்றான் திரும்பாமலே.

"நீ போன் எடுக்கேல்ல."

"சொல்றதுக்கு ஒண்டும் இல்ல மச்சான். தேடிப் பார்த்தன். இல்ல."

"உனக்கே இல்லையோ? நீ பிறவியிலயே அப்பிடியான ஆள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அப்போது மெல்லத் தலையைத் திருப்பினான். கண்கள் சிவந்திருந்தன.

"எப்பிடியான ஆள்?"

"சந்தோஷமான ஆள்."

அவன் சொன்னான். "வாட்டில நான் ஏன் சேர்ட் போட்டனான் தெரியுமா? பெனியனோட கிடந்தா அழுகை வரும். சேர்ட் போட்டுப் பொத்தான் பூட்டினா அழ வெக்கமா இருக்கும். அதுக்குத்தான் போட்டன். உனக்கு ஏன் போன் எடுத்தன் தெரியுமா? எனக்கு ஒரு நல்லதும் தெரியல்ல. இன்னொருத்தனுக்குச் சொல்லணும் எண்டு ஒரு கட்டாயம் இருந்தாத்தான் தேடுவன் எண்டு எனக்குத் தெரியும். பின்னேரம் அஸர் தொழுத பிறகு ஒவ்வொரு நாளும் பயம் பிடிக்கும். நாளைக்குக் காலையில இவனுக்கு என்னத்தைச் சொல்றது? அதைத் தேடித்தான் முற்றத்துக்கு வந்தன், ரோட்டுக்கு வந்தன். எனக்கெண்டா முதல் கிழமையே விட்டிருப்பன்."

எத்தனை மாதமாக அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிலருக்கு நல்ல குரல் வாய்ப்பதுபோல இவனுக்கு இந்த மனம் வாய்த்திருக்கிறது என்று நினைத்தேன். அது வாய்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு தொடங்கி, தேடி எடுத்தது. கடலடியில் முதல்முறை இறங்குபவனுக்கு மணலைத் தவிர வேறொன்றும் தெரியாது. சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும். பல நாள் இறங்கிப் பழகியவனுக்குத்தான் மணலில் அந்தச் சிறு மேடும் கீறலும் கண்ணில் படும். இருவர் பார்ப்பதும் ஒரே கடலடிதான். பதினெட்டு வருடம் நான் செய்த தொழிலை, கடலே தெரியாத ஒரு துணிவியாபாரி கட்டிலில் கிடந்தபடி செய்துகொண்டிருந்திருக்கிறான். அதுவும் எனக்காக. அந்த நினைப்பில் எனக்கு ஏற்பட்ட மலைப்பு இன்னும் குறையவில்லை.

"அப்ப இண்டைக்கு நான் சொல்லுறன்" என்றேன். "நீ ஒண்டும் சொல்ல வேண்டாம்."

நண்டுகளின் கதையை முன்பே சொல்லியிருந்தேன். அதைத் திரும்பவும் சொன்னேன். ஓட்டோவில் ஏற்றும்போது ஓட்டோக்காரர் என் தலையைக் கூரையில் இடித்ததையும், இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அவனுடைய வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"நாளைக்கும் வருவியா?" என்று கேட்டான்.

பன்னிரண்டு நாள் தொடர்ந்து போனேன். மூன்றாம் நாள் அவனைப் பக்கவாட்டில் சாய்த்து, நானே முகம் வழித்துவிட்டேன். கன்னத்தில் ஒரு இடத்தில் வெட்டிவிட்டேன். "கடல்ல அட்டை பிடிச்ச கை" என்று ஏசினான். அந்த ஏச்சைக் கேட்டு அடுப்படியில் அவனுடைய மனைவி அழுதது எனக்குக் கேட்டது.

அவன் கட்டிலையும் திருப்பினோம். வீட்டின் பின்பக்கம் களப்பு. யன்னலைத் திறந்தால் வேலிக்கு அப்பால் ஆழமில்லாத தண்ணீர், தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மாரியில் வந்து தங்கும் பூநாரைகள் அவை. படகிலிருந்து நான் எத்தனையோ தடவை அந்தக் கோட்டைக் கண்டிருக்கிறேன். கோடாகத்தான் கண்டிருக்கிறேன். ஒரு காலை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கையில் ஏதோ ஒன்று அவற்றைக் கலைத்தது. கோடு ஒரு முனையிலிருந்து எழும்பத் தொடங்கியது. வெள்ளையாக இருந்தது சிறகு விரிந்ததும் உள்ளே இளஞ்சிவப்பாகவும் கறுப்பாகவும் மாறியது. ஒன்றன்பின் ஒன்றாக, பாயைச் சுருட்டி எடுப்பதுபோல, முழுக் களப்பும் வானத்துக்கு ஏறியது. சத்தம் பிந்தித்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அவன் என் கையைப் பிடித்திருந்தான். எப்போது பிடித்தான் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றான் மெதுவாக. பிறகு, "இது நாளைக்கு உனக்குச் சொல்ல ஏலாதே, நீயும் பார்த்திட்டாய்" என்றான்.

புண் ஆற இரண்டரை மாதம் எடுத்தது. மருந்து கட்ட வந்த தாதி, "இனி நீங்கள் எங்கையும் போகலாம்" என்று சொன்ன நாளில் நான் அவனைக் கேட்டேன். "கடலுக்குப் போவமா?"

"நான் நீந்தத் தெரியாதவன்."

"நீந்த வேண்டாம். படுத்தாக் காணும்."

"நீ திரும்பவும் கடலுக்குள்ள இறங்கியிருக்கிறியா?"

இறங்கியிருக்கவில்லை. கரைவரை போயிருக்கிறேன். ஈர மணல்வரை போயிருக்கிறேன். என்னைக் கெடுத்த தண்ணீரைத் தொட மனம் வரவில்லை. அவனைக் கேட்ட பிறகுதான் நான் என்னையும் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அவனுக்கு நோன்பு முடிந்து பெருநாளும் போயிருந்தது. எங்களுக்கும் தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு வந்துபோனது. அதற்கு அடுத்த கிழமை ஒரு நல்ல காலையில் பேசாலைக் கரைக்கு அவனைக் கொண்டுவந்தோம். காற்று விழுந்துபோய்க் கடல் குளம்போலக் கிடந்தது. என்னோடு முன்பு தொழிலுக்கு வந்த நாலு பேர் நின்றார்கள். இருவருக்கும் மிதவைச் சட்டை கட்டினார்கள். அவனுடைய மனைவியும் என் மனைவியும் கரையில் பாய் விரித்துக்கொண்டு இருந்தார்கள்.

முதலில் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் வயிற்றைத் தொட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வயிற்றுக்குக் கீழே எப்போது நனைந்தேன் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. நெஞ்சில் குளிர் ஏறியது. பிடித்திருந்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். நான் மிதந்தேன்.

இரண்டு வருடமாக என் உடம்பு ஒரு பாரம். யாராவது தூக்கவேண்டிய, புரட்டவேண்டிய மூட்டை. அந்தப் பாரம் அந்த நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை. என்னை யாரும் தூக்கவில்லை. நான் இருந்தேன். அவ்வளவுதான்.

அவன் கரையருகில் கத்திக்கொண்டிருந்தான். "விட்டிடாதீங்க, விட்டிடாதீங்க" என்று தூக்கி வந்தவர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நான் கையால் துழாவி அவனுக்குக் கிட்டப் போனேன். அவனுடைய தலைக்குக் கீழே என் உள்ளங்கையைக் கொடுத்தேன்.

"வானத்தைப் பார். கழுத்தை விடு. நான் பிடிச்சிருக்கிறன்."

"உறுதியா?"

"கடல்ல மட்டும் நான் சொல்லுறதைக் கேள்."

கழுத்து மெல்ல மெல்ல இளகியது. பிறகு தோள். கடைசியில் அவனுடைய தலை என் கையில் ஒரு கோப்பை அளவுகூடப் பாரமில்லாமல் கிடந்தது. காதுகள் தண்ணீருக்குள் போனதும் கண்களை அகலத் திறந்தான். கடலுக்குள் ஒரு சத்தம் உண்டு. மணலும் சிப்பிகளும் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய பொரியும் சத்தம். என் வாழ்நாளில் பாதியை அந்தச் சத்தத்துக்குள்தான் கழித்தேன். அவன் அதை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

அப்போது தற்செயலாகக் கீழே பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. என் கால்கள் அசைந்துகொண்டிருந்தன. சின்ன அலை வரும்போது இரண்டும் சேர்ந்து மெல்ல மேலே வந்தன, அலை போனதும் இறங்கின. நான் அசைக்கவில்லை. கடல் அசைத்தது. விரல் நீளக் குஞ்சு மீன்கள் நாலைந்து வந்து பெருவிரலைக் கொத்திப் பார்த்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த மீன்களுக்கு அவை உயிருள்ள கால்கள்தான். இரண்டு வருடமாக நான் பார்க்க விரும்பாமல் போர்வையால் மூடி வைத்திருந்தவை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

என்ன நினைத்தாளோ, கரையில் இருந்த என் மனைவி எழும்பிச் சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"காலைப் பிடிச்சிருக்கிறன். தெரியுதோ?"

"தெரியேல்ல. ஆனா பார்க்கிறன்" என்றேன்.

அவள் பாதத்தை விடவில்லை. கடல் எங்கள் மூவரையும் ஒரே அளவாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. சூரியன் ஏறியது. தூக்கி வந்தவர்கள், "காணும், வெயில் ஏறுது" என்றார்கள். அவனுடைய மனைவி கரையிலிருந்து, மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கூப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றான் அவன், வானத்தைப் பார்த்தபடியே.

விரல்நுனிகள் சுருங்கிப்போகும்வரை கிடந்தோம். கரைக்குக் கொண்டுவந்து துடைத்துவிட்டபோது இருவருக்கும் பல் கிட்டியது. கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் பாயில் வைத்துச் சாப்பிட்டோம். அவன் மூன்றுமுறை கேட்டு வாங்கினான். வாடைக்காற்று எழும்பிக் கடல் கலங்கும்வரை, அந்த வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் அங்கே போனோம்.